புது கம்ப்யூட்டர் வாங்குமுன் ஷட்டரைப் பாருங்கள்

"மெஷின் பழசாகிவிட்டது சார், புதிது வாங்கிவிடுங்கள்" என்று கடையில் சொன்னால் உடனே பென்ஷன் பணத்தை எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். மெதுவாக ஓடும் டெஸ்க்டாப் எல்லாம் கெட்டுப்போன டெஸ்க்டாப் அல்ல. மெதுவாக ஓடச் சொல்லி அதற்கு யாராவது உத்தரவு போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

பெட்டி முழுவதையும் நாம் சிபியு என்கிறோம். உண்மையான சிபியு, அதாவது புராசஸர், உள்ளே விசிறிக்கு அடியில் இருக்கிறது. தீப்பெட்டியை விடச் சிறியது. அது எந்நேரமும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. நம் ஆனைக்குட்டம் அணையில் தேவைக்குத் தக்கபடி ஷட்டரை ஏற்றி இறக்குவது போல, வேலை இல்லாதபோது வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்ளும்; வேலை வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் ஏற்றிக்கொள்ளும். இன்டெல் இதற்கு ஸ்பீட்ஸ்டெப் என்று பெயர் வைத்தது, ஏ.எம்.டி. கூல் அண்ட் கொயட் என்றது.

ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டால் அணை நிரம்பியிருந்தும் பயனில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டு டெஸ்க்டாப் அப்படித்தான் கிடந்தது. 3.2 கிகாஹெர்ட்ஸ் புராசஸர், எவ்வளவு வேலை கொடுத்தாலும் 1.6-ஐத் தாண்டவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தால், கரண்ட் மிச்சமாகட்டும் என்று யாரோ உச்சவரம்பை 50 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நீங்களே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் வேகம் தெரியும். சும்மா இருக்கும்போது குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். வேலை கொடுத்தும் ஏறவில்லை என்றால்தான் சிக்கல். அப்போது கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'புராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். பெரும்பாலும் மூன்று வரிகள் இருக்கும். மினிமம் 5, மேக்ஸிமம் 100, கூலிங் பாலிசி 'ஆக்டிவ்' என்று இருக்கட்டும். 'பேஸிவ்' என்றால் சூடு ஏறும்போது விசிறியை வேகப்படுத்துவதற்கு முன்பே புராசஸரை மெதுவாக்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது.

இவை சரியாக இருந்தும் பத்து நிமிட வேலைக்குப் பிறகு தளர்ந்தால், காரணம் சூடு. சுமார் 100 டிகிரியை நெருங்கினால் பல புராசஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். சிவகாசி அச்சகங்களில் காகிதத் தூசு, நம் வீடுகளில் தெருப்புழுதி. விசிறிக்குக் கீழே அது கம்பளம் போல் படிந்திருக்கும். ப்ளோயரால் ஊதி, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள்.

சும்மா இருக்கும்போதே மெஷின் அணைந்துபோனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சந்தேகிக்க வேண்டும். 2013-ல் இன்டெல்லின் ஹாஸ்வெல் புராசஸர்கள் வந்தபோது, அவை தூங்கும்போது இழுக்கும் மிகக் குறைந்த மின்சாரத்துக்குச் சில பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் ஈடுகொடுக்காது என்ற பேச்சு எழுந்தது. பயாஸில் அந்த ஆழ்ந்த தூக்கத்தை நிறுத்தி வைப்பதே பரிகாரமாகச் சொல்லப்பட்டது.

"வேகத்தைக் குறைத்தால் கரண்ட் பில் குறையுமே?" என்பார்கள். கணக்குப் போடுவோம். 10 வாட் மிச்சம், தினம் 4 மணி நேரம், 60 நாள் என்றாலும் 2.4 யூனிட்தான். இதற்காக மெஷினை முடமாக்க வேண்டாம். சும்மா இருக்கும்போது சிக்கனம் பிடிக்க அதற்கே தெரியும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதற்காக மாற்ற வேண்டியிருந்தால் யோசித்து மாற்றுங்கள். ஆனால் வேகம் குறைந்த கதையையும் இதையும் ஒன்றாகக் குழப்பிப் புது மெஷினை நம் தலையில் கட்ட விடாதீர்கள். "டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்த்தீர்களா, தூசு தட்டினீர்களா?" என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்லாத கடைக்குப் பணம் கொடுக்க அவசரமில்லை.