அணைக்கு அடியில் மண் எப்படி இருக்கிறது?

தோண்டாமலே தட்டிப் பார்த்துச் சொல்கிறது விஞ்ஞானம்

மண்பானை வாங்கப் போகும் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? பானையைக் கையில் தூக்கி, விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். "கணீர்" என்று ஓசை வந்தால் நல்ல பானை. ஓசை மங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. பானையை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இதே போல ஓர் அணையையும் தட்டிப் பார்க்க முடியும். அணைக்கு அடியில் உள்ள மண் கெட்டியா, இளக்கமா என்று கண்டுபிடிக்க முடியும்.

நெல்லைச் சீமை மக்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

பொதிகை மலையில் பிறக்கிறது தாமிரபரணி. புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. மலை அடிவாரத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிற்கின்றன. கீழே அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றங்கரை எங்கும் ஊர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நெல்லை, தூத்துக்குடி ஜில்லாக்கள் வெள்ளக் காடாயின. இப்படி வெள்ளம் வரும்போதெல்லாம், "அணை தாங்குமா?" என்று மக்கள் கேட்கிறார்கள்.

அணைக்கு வெள்ளத்தால் வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்தும் உண்டு. அது பூகம்பத்தின்போது மண் குழம்பாகும் ஆபத்து.

கெட்டி மண் குழம்பாகுமா?

படியில் நெல் அளக்கும்போது தட்டிக் குலுக்கினால் என்ன ஆகிறது? நெல் கீழே இறங்குகிறது. மணிகளுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி, மணிகள் நெருங்கி உட்காருகின்றன.

ஆற்று மணலும் அப்படித்தான். ஆனால், நிலத்துக்கு அடியில் உள்ள மணலில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. பூகம்பம் குலுக்கும்போது மணல் நெருங்கி உட்காரப் பார்க்கிறது. நடுவே உள்ள தண்ணீர் வெளியேற நேரம் இல்லை. மேலே உள்ள பாரம் முழுவதும் தண்ணீர் மீது விழுகிறது. மணல்கள் ஒன்றை ஒன்று பிடித்திருந்த பிடி விட்டுப் போகிறது.

அந்தக் கணத்தில் மணல் கூழ் போல ஆகிவிடுகிறது. மேலே வீடு இருந்தால் சாயும். அணை இருந்தால் சரியும்.

எல்லா மண்ணும் இப்படி ஆவதில்லை. பாறை குழம்பாவதில்லை. பசையுள்ள கெட்டிக் களிமண்ணும் எளிதில் ஆவதில்லை. இளக்கமாகவும், தண்ணீரில் ஊறியும் இருக்கும் மணலுக்கும் வண்டலுக்கும்தான் இந்த ஆபத்து.

தப்பிய 80 ஆயிரம் பேர்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே, கீழ் சான் பெர்னாண்டோ அணை என்று ஒரு மண் அணை இருந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டு, படியவைத்துக் கட்டிய அணை அது. 1971 பிப்ரவரி 9 அன்று காலை பூகம்பம் வந்தது. அணைக்குள் இருந்த மண் குழம்பாயிற்று. நீர்ப்பக்கத்துக் கரையும் அணையின் உச்சியும் தண்ணீருக்குள் சரிந்தன. மிச்சம் இருந்த கரை, தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுமார் 5 அடிதான்!

கீழே வசித்த 80 ஆயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரை வடித்த பிறகே திரும்பினார்கள். அணையில் நீர்மட்டம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் நாட்டிலும் நடந்தது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் கட்ச் ஜில்லாவைப் பூகம்பம் குலுக்கியது. சாங், தாபர், காஸ்வதி முதலிய மண் அணைகள் வெடித்துச் சரிந்தன. அடியில் இருந்த வண்டல் மண் குழம்பானது முக்கிய காரணம். மழை இல்லாத காலம். அணைகளில் தண்ணீர் மிகக் குறைவு. அதனால் வெள்ள ஆபத்து நேரவில்லை. அன்று வறட்சியே மக்களைக் காப்பாற்றியது!

நெல்லைக்குப் பயம் உண்டா?

வீண் பயம் வேண்டியதில்லை. 2002-ல் வெளியான பூகம்ப வரைபடத்தில், தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களில் பெரும்பகுதி ஆபத்து குறைந்த வட்டாரமாகவே காட்டப்பட்டது. பாபநாசம் அணை கல்லால் கட்டியது. மலைப் பாறை மீது நிற்பது. பாறை கூழாவதில்லை.

மணிமுத்தாறு வேறு வகை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-ல் முடிந்த அணை அது. உயரம் 118 அடி. நீளம் சுமார் 3 கிலோமீட்டர். பெரும் பகுதி மண் கரை. உருளை ஓட்டி அழுத்திக் கட்டும் கரை, கலிபோர்னியாவின் கரைத்துக் கட்டிய கரையைப் போல எளிதில் குழம்பாது. ஆனாலும் மண் அணை என்றால், "கரை எப்படி? அடிமண் எப்படி?" என்று இரண்டு கேள்விகளையும் கேட்பதுதான் முறை.

"பூகம்பமே வராத ஊர்" என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. மகாராஷ்டிரத்தில் கொய்னா பகுதியும் அப்படித்தான் நினைக்கப்பட்டது. 1967 டிசம்பர் 11 அன்று அங்கே பூகம்பம் வந்து, சுமார் 180 பேர் மாண்டார்கள். அணையில் வெடிப்பு விழுந்தது. கொய்னாவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இடம்தான். கோயமுத்தூர்ப் பக்கம் 1900 பிப்ரவரி 8 அன்று வந்த பூகம்பம் தென்னாட்டின் பல பகுதிகளில் உணரப்பட்டது.

தட்டிப் பார்ப்பது எப்படி?

பழைய முறை, துளை போட்டுப் பார்ப்பது. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, ஒரு குழாயை மண்ணுக்குள் அடிக்கிறார்கள். 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். சில அடியிலேயே இறங்கினால் மண் இளக்கம். 30 அடிக்கு மேல் வேண்டியிருந்தால் மண் கெட்டி.

இது நம்பகமான முறை. ஆனால், தண்ணீர் நிற்கும் அணையில் கண்ட இடமெல்லாம் துளை போடக் கூடாது. துளையே கசிவுக்கு வழியாகிவிடலாம். மேலும், ஒரு துளை ஓர் இடத்தைப் பற்றித்தான் சொல்லும். 3 கிலோமீட்டர் கரைக்கு எத்தனை துளை போடுவது?

புதிய முறையில் துளை இல்லை. கரை மீது வரிசையாக 24 சிறு கருவிகளை ஊன்றுகிறார்கள். இவற்றுக்கு ஜியோபோன் என்று பெயர். தரையின் அதிர்வைக் கேட்கும் காதுகள் இவை. பிறகு ஓர் ஓரத்தில் சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அதிர்ச்சி அலை எந்தக் காதுக்கு எப்போது வந்தது என்று யந்திரம் குறிக்கிறது. நீண்ட அலை ஆழத்து மண்ணைத் தொட்டு வரும். குறுகிய அலை மேல் மண்ணைத் தொட்டு வரும். இவற்றைக் கணக்கிட்டால், எந்த ஆழத்தில் எப்படிப்பட்ட மண் என்று தெரிகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தள்ளிக் கொண்டு ஓடும் அலை தண்ணீரிலும் ஓடும். ஆகவே, ஊறிய மண்ணில் அது ஆளை ஏமாற்றிவிடும். பக்கவாட்டில் அசைந்து ஓடும் அலை தண்ணீரில் ஓடாது. மண் துகள்களின் பிடியில்தான் ஓடும். அதன் வேகமே மண்ணின் பலத்தைச் சொல்லும். அந்த வேகம் விநாடிக்கு சுமார் 200 மீட்டருக்கு மேல் போனால், மணல் குழம்பாவது அரிது. வேகம் அதைவிட மிகவும் குறைந்தால் எச்சரிக்கை!

மின்சாரத்தை மண்ணில் செலுத்திப் பார்க்கும் முறையும் உண்டு. ஈர மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும். பாறையில் ஓடாது. கசிவு இருக்கும் இடத்தை இதன் மூலம் அறியலாம்.

ஆனால், மெல்லிய மணல் அடுக்கு இந்தக் காதுகளுக்குத் தப்பிவிடலாம். ஆகவே, முதலில் கரை முழுவதும் தட்டிப் பார்த்து, சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் சில துளை போடுவதே நிபுணர்கள் கடைப்பிடிக்கும் வழி.

கெட்டது தெரிந்தால்?

நோய் தெரிந்தால் மருந்தும் உண்டு. இளகிய மண்ணைக் குத்திக் கெட்டியாக்கலாம். சரளைக் கல் தூண்களை இறக்கலாம். கரையின் அடியில் மண் அணைத்துப் பாரம் ஏற்றலாம். வேலை முடியும் வரை நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கலாம். சரிந்த சான் பெர்னாண்டோ அணைக்குப் பதிலாக, அடிமண்ணைக் கவனித்து, புதிய அணை கட்டினார்கள். 1994-ல் மறுபடி பூகம்பம் வந்தது. புதிய அணை அசைந்து கொடுத்து, நின்றது.

நம் நாட்டில் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் அமலுக்கு வந்த 5 ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பருக்குள், பெரிய அணைகளை எல்லாம் நிபுணர் குழு முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை.

மதகுக்கு வர்ணம் அடிப்பதும், கரையில் புதர் வெட்டுவதும் தேவைதான். ஆனால், அடிமண்ணைப் பார்க்காத சோதனை அரைச் சோதனை. பார்த்ததை ஊராருக்குச் சொல்லாத சோதனையும் அரைச் சோதனைதான். "இந்த அணையின் அடிமண் இப்படி இருக்கிறது, இன்ன வேலை செய்கிறோம்" என்று சர்க்கார் தமிழில் எழுதி, ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டினால், புரளிக்கு இடம் இருக்காது.

பத்து ரூபாய்ப் பானையைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்கிய மக்கள் நாம். லட்சக்கணக்கான மக்களின் உயிரையும் பயிரையும் தாங்கும் அணையைத் தட்டிப் பார்க்கத் தயங்கலாமா?