மட்டையடிக்குப் பிறகு சேர்த்தி உண்டா?

பங்குனி உத்திரம் வந்தால் ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பச் சண்டை நடக்கிறது. ஊரே கூடி நின்று பார்க்கிறது!

சண்டை போடுவது வேறு யாருமல்ல. பெருமாளும் தாயாரும்தான்!

உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார் நம்பெருமாள். விஷயம் ரெங்கநாயகித் தாயாருக்கு எட்டிவிடுகிறது. கதவு சாத்தப்படுகிறது. வாசலில் நிற்கிறவருக்கு வாழை மட்டையடி! தாயார் தரப்பும் பெருமாள் தரப்பும் மாறி மாறி வாதம் செய்கின்றன. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் சொன்ன பிறகுதான் கதவு திறக்கிறது. அதன் பிறகு சேர்த்தி. ஆண்டில் அந்த ஒரு நாள்தான் இருவரும் ஒன்றாக வீற்றிருந்து சேவை சாதிக்கிறார்கள்.

பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் ஜனங்கள்.

அந்த வீடுகளில் நடக்கிற சண்டைக்கு நம்மாழ்வார் உண்டா? சேர்த்தி உண்டா?

அடுத்த அறையில்

திருச்சியில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு அறை போர்ஷனில் குடியிருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் போடுகிற சண்டை பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கேட்காமல் இருக்குமா? "உங்க அக்கா பேச்சைக் கேட்டுத்தானே ஆடுறீங்க" என்று ஒரு குரல். "உங்க அப்பன் போட்ட நகை எங்கே?" என்று இன்னொரு குரல். பிறகு பாத்திரம் விழும் சத்தம். பிறகு நாலு நாள் பேச்சு வார்த்தை கிடையாது. "அப்பாவிடம் சொல்லு", "அம்மாவிடம் சொல்லு" என்று நடுவில் தூது போவது யார்? பிள்ளைதான்!

மறுநாள் காலையில் அந்தப் பெண் ஒன்றாம் நம்பர் பஸ்சில் ஏறுகிறாள். சத்திரம் பஸ் நிலையத்தில் ஒருவன் "என்ன, முகம் வாடியிருக்கு? சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அந்த ஒரு கேள்வியே அவளுக்குக் காதலாகிவிடுகிறது. அவன் யார், என்ன வேலை, என்ன குணம் என்று விசாரிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. வீட்டை விட்டு வெளியேற ஒரு கதவு கிடைத்தால் போதும்!

ஆண் பிள்ளைகள் கதை வேறு. அம்மாவை அதட்டும் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், காதலிக்கிற பெண்ணிடமும் அதே அதட்டலைக் காட்டுகிறான். "யார்கூட பேசின? போனைக் கொடு" என்கிறான். அதைப் பாசம் என்று அவனும் நினைக்கிறான். அவளும் நினைக்கிறாள். அங்கேதான் ஆபத்து!

மூன்றாவது ரகமும் உண்டு. "கல்யாணமே வேண்டாம். எங்க வீட்டுல பார்த்தது போதும்" என்று நல்ல இடம் வந்தாலும், நல்ல மனிதர் வந்தாலும் ஒதுங்கிப் போகிறவர்கள்.

ஆராய்ச்சி சொல்வது

இது வெறும் திண்ணைப் பேச்சல்ல. அமெரிக்காவில் ஹசான், ஷேவர் என்ற இரு உளவியல் அறிஞர்கள், பத்திரிகையில் கேள்வித்தாள் வெளியிட்டு வாசகர்களின் காதல் அனுபவங்களைக் கேட்டார்கள். 1987-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. தாய் தந்தை தங்களோடு எப்படிப் பழகினார்கள், அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் எப்படிப் பழகினார்கள் என்று ஒருவர் சொல்வதற்கும், அவர் காதலில் நம்பிக்கையோடு இருக்கிறாரா, சந்தேகத்தில் தவிக்கிறாரா, விலகி ஓடுகிறாரா என்பதற்கும் தொடர்பு தெரிந்தது.

மார்க் கம்மிங்ஸ் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1980-களிலிருந்து இன்னொன்றைக் கவனித்தார்கள். பெரியவர்கள் சண்டை போட்டு, பிள்ளையின் கண் முன்னாலேயே சமாதானமும் ஆகிவிட்டால், பிள்ளையின் தவிப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது. முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற சண்டைதான் பிள்ளையை அரிக்கிறது.

ஆக, வீட்டில் சண்டையே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சண்டை தீர வேண்டும். தீர்ந்ததைப் பிள்ளை பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நடப்பதும் அதுதானே? மட்டையடியும் ஊரறிய. சேர்த்தியும் ஊரறிய!

பங்காளிப் பகை

அப்பா அம்மா சண்டை ஒரு பக்கம். சொந்தக்காரர் சண்டை இன்னொரு பக்கம்.

அண்ணனும் தங்கையும் பேசிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். காரணம் கேட்டால் அரை காணி நிலம். அல்லது காதுகுத்துக்குச் சரியாக அழைக்கவில்லை. இதற்கிடையில் அவர் மகளும் இவள் மகனும் கல்லூரி வாசலில் பேசிப் பழகியிருப்பார்கள். முறைப்படி பார்த்தால் கட்டிக்கொடுக்க வேண்டிய ஜோடி. ஆனால் "அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா என் பொணத்தைத் தாண்டிப் போ" என்பார் பெரியவர். அவர் கோபத்துக்குப் பிள்ளைகளின் வாழ்க்கையா பணயம்?

"எதிர்த்தால்தான் காதல் வளரும்" என்று சினிமா பார்த்தவர்கள் சொல்வார்கள். 1972-ல் அமெரிக்காவில் 140 ஜோடிகளை ஆராய்ந்தவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 2014-ல் வெளியான மறு ஆய்வில் அந்த முடிவு நிற்கவில்லை. வீட்டாரும் நண்பர்களும் ஆதரித்த ஜோடிகளின் உறவுதான் நன்றாக இருந்தது.

எதிர்ப்பு காதலை வளர்ப்பதில்லை. அவசரத்தைத்தான் வளர்க்கிறது. ஒரு வருஷம் பழகி யோசிக்க வேண்டியவர்கள் ஒரே ராத்திரியில் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஜாதி வெறி கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2003-ல் விருத்தாசலம் அருகே கண்ணகி - முருகேசன். 2016-ல் உடுமலைப்பேட்டையில் சங்கர். 2025 ஜூலையில் நெல்லையில் கவின். நாடே தலைகுனிந்தது. இத்தகைய கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றி ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது.

சட்டம் யார் பக்கம்?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்துவிட்டால், யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவர்கள் இஷ்டம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டத் திருத்தம் இருக்கிறது. வக்கீல்கள் முன்னிலையிலும் இப்படித் திருமணம் செய்துகொள்ளலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மேஜரான ஜோடியை மிரட்டக்கூடாது, போலீசார் பாதுகாப்பு தரவேண்டும் என்று 2006-லும் 2018-லும் அதே கோர்ட்டு கண்டிப்பாகக் கூறியிருக்கிறது.

ஆனால் சட்டம் தாலி கட்டத்தான் துணை நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே அதட்டலும் அதே பாத்திரச் சத்தமும் புது வீட்டில் கேட்டால், சட்டம் வந்து சமையலறையில் நிற்குமா?

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2021-ல் இந்தியாவில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. இதில் காதல் விவகாரம் காரணம் என்று பதிவானது 4.6 சதவீதம். குடும்பப் பிரச்சினை 33.2 சதவீதம்! "காதல் தோல்வி" என்றால் ஊர் வாய் மெல்லும். வீட்டுச் சண்டை என்றால் யாரும் வாய் திறப்பதில்லை.

யார் நம்மாழ்வார்?

அந்தக் காலத்தில் பாட்டி இருந்தாள், பெரியப்பா இருந்தார், பஞ்சாயத்துப் பண்ணி வைத்தார்கள் என்று பெருமை பேசுவோர் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தப் பஞ்சாயத்து பெரும்பாலும் எப்படி முடிந்தது? "நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்" என்று பெண்ணிடம்தான் முடிந்தது!

மட்டையடியில் அப்படி இல்லை. முதலில் தாயாரின் குறை முழுக்கக் கேட்கப்படுகிறது. பெருமாளே ஆனாலும் வாசலில் நின்று பதில் சொல்கிறார். சமாதானம் அதற்குப் பிறகுதான். நடுவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

1984-ம் வருஷச் சட்டப்படி குடும்ப நல கோர்ட்டுகள் வந்தன. விவாகரத்துக்கு முன் பேசிப் பார்க்கச் சொல்வதுதான் அவற்றின் முதல் வேலை. மகளிர் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. மனம் விட்டுப் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது. பெண்களுக்கு 181. சிறுவர் சிறுமியருக்கு 1098. இவற்றைக் கூப்பிடுவதில் மானம் ஒன்றும் போய்விடாது.

ஒன்று மட்டும் திட்டவட்டம். கோயிலில் நடப்பது உற்சவம். வீட்டில் புருஷன் கை நீட்டினால் அது உற்சவம் அல்ல, குற்றம். அங்கே தேவை சமரசம் அல்ல, பாதுகாப்பு. அதற்கு 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

பிள்ளைகளும் ஒன்றை உணர வேண்டும். பெற்றோர் வாழ்க்கை பிள்ளையின் தலையெழுத்து அல்ல. அடித்துக்கொண்ட வீட்டில் பிறந்தவர்களும் அன்பாகக் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து தப்பிக்கக் காதல் ஒரு பஸ் அல்ல. ஓடி ஏறிய பிறகு, "இது எந்த ஊர் போகும்?" என்று கேட்டுப் பயன் இல்லை.

கமலவல்லி யார்? உறையூர்ச் சோழன் மகள். அரங்கன் மேல் ஆசைப்பட்டாள் என்கிறது தலவரலாறு. தகப்பன் வாளை எடுக்கவில்லை. மணம் முடித்து வைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் மகள் ஆண்டாளின் மனத்தைக் கேட்டு, ஸ்ரீரங்கத்துக்கே அழைத்து வந்தார். டில்லி சுல்தான் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்கும் அந்தக் கோயிலில் சன்னதி உண்டு. ரொட்டி நைவேத்தியமும் உண்டு.

இத்தனையையும் கும்பிடுகிற ஊர் இது. சாமிக்கு ஒரு நியாயம், சொந்த மகளுக்கு ஒரு நியாயமா?

இன்று ராத்திரி வீட்டில் குரல் உயர்ந்தால், பக்கத்து அறையில் பிள்ளை விழித்திருக்கிறது என்ற நினைப்பு வரட்டும். காலையில் அந்தப் பிள்ளை எழுந்து வரும்போது, அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டு காப்பி குடிக்கட்டும்.

வீட்டுக்குச் சேர்த்தி அதுதான்!