வளர்த்த வீரனை விற்கச் சொல்லும் கணக்கு

கால்பந்து வீரர் கானர் காலகர் எட்டு வயதில் செல்சி கிளப்பின் அகாடமியில் சேர்ந்தவர். 2023-24 பருவத்தில் பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களில் 37-இல் களமிறங்கினார். கேப்டன் ரீஸ் ஜேம்ஸ் காயத்தால் ஒதுங்கியிருந்த மாதங்களில் பெரும்பாலும் அவர்தான் அணியை வழிநடத்தினார். பருவம் முடிந்ததும் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விலை பேசப்பட்டார். மாட்ரிட் போய் மருத்துவப் பரிசோதனையும் முடித்துவிட்டார். பதிலுக்கு அங்கிருந்து செல்சிக்கு வரவேண்டிய வீரரின் பேரம் முறிந்துபோக, லண்டனுக்குத் திரும்பி வந்து காத்திருக்க நேர்ந்தது. வேறொரு வீரரை வைத்துப் பேரம் படிந்த பிறகே மறுபடி விமானம் ஏறினார். விலை சுமார் 3.4 கோடி பவுண்டு.

ஒப்பந்தத்தில் ஓராண்டே மிச்சம் இருந்தது என்பது உண்மை. ஆனால், கேப்டனாக ஆடிய இருபத்து நான்கு வயது வீரரை விற்பது கிளப்புக்கு இவ்வளவு சுலபமாக இருந்ததற்கு, கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால்தான் விடை கிடைக்கும்.

ஒரு வீரரை 10 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், ஆண்டுக்கு 2 கோடி வீதம் தேய்மானமாகச் செலவில் எழுதலாம். விற்கும்போதோ, எழுதாமல் மிச்சமிருக்கும் தொகையைக் கழித்ததுபோக வருவதெல்லாம் அந்த ஆண்டிலேயே லாபமாகிவிடும். அகாடமியில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. ஆகவே கழிக்கவும் எதுவும் இல்லை. 3.5 கோடிக்கு விற்றால் 3.5 கோடியும் லாபம். அந்த ஒரு விற்பனை, 17.5 கோடிக்கு ஆள் வாங்கும் செலவின் முதலாண்டுத் தவணையை ஈடுகட்டிவிடும். செல்சி 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸை 10.7 கோடி பவுண்டுக்கு எடுத்து எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஆறு வயது முதல் அங்கேயே வளர்ந்த மேசன் மவுன்ட்டை 5.5 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது. மவுன்ட் ஒருவருக்குக் கிடைத்த பணம், ஃபெர்னாண்டஸின் நான்கு ஆண்டுத் தேய்மானத்துக்கும் மேல். இப்படி இழுத்து நீட்டும் ஒப்பந்தங்களைப் பார்த்த பிறகுதான் யுஇஎஃப்ஏவும் பிரீமியர் லீக்கும் தேய்மானக் கணக்கை ஐந்தாண்டோடு நிறுத்தின.

மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று பிரீமியர் லீக் வைத்த விதி, கிளப்கள் கடனில் மூழ்காமல் இருக்க வந்தது. நோக்கம் நல்லதுதான். அகாடமிச் செலவை அந்த நஷ்டக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வளர்க்கும் செலவுக்கு விலக்குத் தந்த அதே விதி, வளர்ந்தவனை விற்பதற்குத்தான் மிகப் பெரிய பரிசை வைத்திருக்கிறது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கதை இதை அப்பட்டமாகக் காட்டும். பிரென்னன் ஜான்சன் எட்டு வயதில் அந்த அகாடமியில் சேர்ந்தவர். அவருடைய தந்தை டேவிட் ஜான்சனும் ஃபாரஸ்டுக்கு ஆடியவர். 2023 ஜூன் 30-ஆம் தேதி கணக்கு முடிவதற்குள் அவரை விற்றிருந்தால் கிளப்பின் நஷ்டம் குறைந்திருக்கும். குறைந்த விலைக்குத் தள்ளிவிட மனமில்லாமல் கிளப் காத்திருந்தது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் முதல் தேதி டாட்டன்ஹாம் 4.75 கோடி பவுண்டு கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. நல்ல விலைதான். ஆனால் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழுந்தது. 2024 மார்ச்சில் ஃபாரஸ்டுக்கு நான்கு புள்ளிகள் வெட்டப்பட்டன. நஷ்டம் வரம்பைத் தாண்டியது முழுவதும் ஜான்சனால் நேர்ந்ததில்லை. கிளப் அளவுக்கு மீறி ஆட்களை வாங்கியிருந்தது. என்றாலும் மற்ற கிளப்கள் இதிலிருந்து என்ன பாடம் படித்தன? சொந்த வீரனைச் சீக்கிரம் விற்றுவிடு, ஜூன் 30-ஐத் தாண்டவிடாதே என்பதைத்தான். 2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டாட்டன்ஹாமுக்குக் கோப்பையைத் தேடித்தந்த ஒரே கோல், ஜான்சன் பெயரில்தான் பதிவானது.

2024 ஜூனிலேயே அந்தப் பாடம் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்டன் வில்லா தன் இளம் வீரர் டிம் இரோயெக்புனத்தை எவர்ட்டனுக்குக் கொடுத்து, எவர்ட்டனின் லூயிஸ் டாபினை வாங்கிக்கொண்டது. பதினெட்டு வயது ஒமாரி கெல்லிமேன் வில்லாவிலிருந்து சுமார் 1.9 கோடிக்குச் செல்சி போனார். செல்சி அகாடமியின் இயன் மாட்சன் வில்லாவுக்கு வந்தார். எல்லாத் தரப்புக்கும் அன்றைக்கே லாபம், செலவோ ஐந்தாண்டுத் தவணை. சிறு வயதிலிருந்து நியூகாசில் சட்டையில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனை சுமார் 3.5 கோடிக்கு ஃபாரஸ்டிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் எடி ஹவ்வுக்கு அவரை விட மனமே இல்லை. பதினைந்து மாதங்களுக்குள், 2025 செப்டம்பரில், ஆண்டர்சன் இங்கிலாந்து அணிக்கு ஆடினார்.

அகாடமிப் பையன்கள் மட்டுமே போதும் என்று யாரும் வாதாட முடியாது. செல்சி ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்ததில் விதி மீறியதாக ஃபிஃபா தடை போட்டதால், 2019 கோடையில் அந்த கிளப்பால் புதிதாக யாரையும் வாங்க முடியவில்லை. ஈடன் ஹசார்டும் ரியல் மாட்ரிட் போய்விட்டார். வேறு வழியின்றிப் பயிற்சியாளர் ஃபிராங்க் லாம்பார்ட், செல்சியின் காபம் (Cobham) பயிற்சி மைதானத்தில் வளர்ந்த மவுன்ட், டாமி ஆபிரகாம், ஃபிகாயோ டொமோரி, ரீஸ் ஜேம்ஸ் ஆகியோரை இறக்கினார். அதற்கு முன்பே தொடர்ந்து ஐந்து முறை எஃப்ஏ இளையோர் கோப்பையை வென்ற அகாடமி அது. முதல் அணியின் கதவு திறக்க ஒரு தண்டனை வரவேண்டியிருந்தது. ஆபிரகாம் லீக்கில் 15 கோல் அடித்தார். அணி நான்காவது இடம் பிடித்தது. தடை நீங்கிய பிறகு காய் ஹாவெர்ட்ஸ், எட்வார்ட் மெண்டி, பென் சில்வெல் எனப் பலர் வந்தார்கள். 2021 மே 29, போர்ட்டோ நகரம், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். 42-ஆவது நிமிடத்தில் மவுன்ட் நடுக்களத்திலிருந்து ஒரே பாஸில் மான்செஸ்டர் சிட்டியின் தற்காப்பைப் பிளக்க, ஹாவெர்ட்ஸ் கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தை வலைக்குள் தட்டினார். வளர்த்தவன் கொடுத்தான், வாங்கியவன் அடித்தான். ஒரு பெரிய கிளப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு கோலே போதும்.

செல்சி நிர்வாகத்துக்கும் சொல்ல நியாயம் உண்டு. 2025-இல் கான்ஃபரன்ஸ் லீக்கையும் கிளப் உலகக் கோப்பையையும் வென்றார்கள். உலகக் கோப்பை இறுதியில் பாரிஸ் அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்த கோல் (Cole) பாமர், 2023-இல் சுமார் 4 கோடிக்கு வாங்கப்பட்டவர். ஆனால் அந்தப் பாமர் யார்? மான்செஸ்டர் சிட்டி சிறுவயது முதல் வளர்த்து விற்ற வீரர். சிட்டியின் கணக்கில் அந்தத் தொகை முழு லாபம்.

இதில் ரசிகனுக்கு நேரும் இழப்பைக் கணக்கர் எழுதுவதில்லை. டிக்கெட் விலை ஏறினாலும், போட்டி நேரம் டிவிக்காக மாறினாலும் பொறுத்துக்கொள்கிறவன் அவன். தன் தெருவில் பந்து உதைத்த பையன் அந்தச் சட்டையைப் போட்டு ஓடுவதைப் பார்ப்பதில்தான் அவனுக்கு உரிமை தோன்றுகிறது. எட்டு வயதில் சேரும் சிறுவர்களில் மிகச் சிலரே முதல் அணி வரை வருகிறார்கள். அந்தச் சிலரையும் விலைப்பட்டியலில் முதலில் வைப்பது கொடுமை.

2026-27 பருவம் முதல் பிரீமியர் லீக் புதிய விதிக்கு மாறுகிறது: அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். யுஇஎஃப்ஏ வரம்பு 70 சதவீதம். இரண்டிலும் வீரர்களை விற்ற லாபம் வருமானத்தோடு சேர்கிறது. ஆகவே பெயர் மாறினாலும் தூண்டில் அப்படியே இருக்கிறது.

திருத்துவது கடினமான வேலையில்லை. வாங்கும் செலவை ஐந்தாண்டுக்குப் பிரிக்கலாம் என்றால், அகாடமி வீரரை விற்ற லாபத்தையும் ஐந்தாண்டுக்குப் பிரிக்கச் சொல்லலாம். ஜூன் 30-க்கு முந்தைய வாரத்துச் சந்தை அன்றோடு படுத்துவிடும். கூடவே, சொந்த அகாடமியில் வளர்ந்து முதல் அணியில் ஆடும் வீரரின் சம்பளத்தில் பாதியை மட்டும் செலவு வரம்பில் சேர்க்கலாம்; அப்போது காலகரைப் போன்ற ஒருவரை வைத்துக்கொள்வது கிளப்புக்குச் சுமையாக இராது. பிரீமியர் லீக்கில் விதி மாற 20 கிளப்களில் 14 ஆதரித்தால் போதும். ஆண்டர்சனை இழந்த நியூகாசில், ஜான்சனுக்காகக் காத்திருந்து புள்ளி இழந்த ஃபாரஸ்ட் இரண்டும் சேர்ந்து இதை முன்மொழியட்டும்.