ஆயுளுக்கும் ஒரே டர்ன்டேபிள் என்னும் மாயை

இலக்கியக் கூட்டங்களில் மேடையில் பேசப்படுவதைவிட, கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது பேசப்படுவதில்தான் நம் அன்பர்களின் உண்மையான கொள்கைகள் வெளிப்படுகின்றன. அண்மையில் அவ்வாறு வெளிப்பட்ட ஒன்று: ‘வாங்கினால் உச்சத்தில் இருப்பதை ஒரே ஒரு முறை வாங்கிவிட வேண்டும், ஆயுளுக்கும் அதுவே போதும்.’ பேச்சு டர்ன்டேபிள் பற்றியது. சொன்னவர் தேர்ந்த வாசகர். கர்நாடக இசையில் தோய்ந்தவர். பணி ஓய்வில் வந்த தொகையில் பெரும்பங்கை இதற்கென ஒதுக்கி வைத்திருப்பவர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எங்களால் முடியவில்லை. அன்று நான்கு வாக்கியங்களில் சொல்ல முடியாமற்போனதை இங்கே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நாங்கள் இசைத்தட்டுக்கு எதிரிகள் அல்லர். ‘எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே’ என்னும் கட்சியிலும் சேர்ந்தவர்கள் அல்லர். நல்ல கருவிக்குப் பணம் செலவழிப்பதைப் பாவமென்று கருதுகிறவர்களும் அல்லர். எங்கள் சண்டை மேற்படி வாக்கியத்தில் உள்ள இரண்டு சொற்களோடு மட்டும்தான். ஒன்று ‘ஆயுள்’. மற்றொன்று ‘உச்சம்’.

ஆயுளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆயுட்காலக் கருவி என்றவுடன் அன்பர்கள் எடுத்துக்காட்டுவது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவான லின் சோன்டெக் எல்பி12. 1970களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கருவி இன்றும் தயாரிக்கப்படுகிறது. இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். சான்றுதான், ஆனால் எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். 1982இல் வால்ஹாலா என்னும் மின்வழங்கி வந்தது. 1990இல் லிங்கோ வந்தது. 1993இல் சர்க்கஸ் என்னும் புதிய பேரிங். 2006இல் கீல் என்னும் புதிய அடிச்சட்டம். 2009இல் ராடிகல் என்னும் புதிய மோட்டார். 2020இல் சர்க்கஸ் போய் கரூசல் வந்தது. பழைய கருவியிலும் இவற்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்பது அந்நிறுவனத்தின் நேர்மைக்கு அடையாளம்; அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் முப்பது ஆண்டுகளில் மின்வழங்கியும் பேரிங்கும் அடிச்சட்டமும் மோட்டாரும் மாறிவிட்ட பிறகு, ‘ஒரே ஒரு முறை வாங்கினேன்’ என்று ஒருவர் சொல்வாரானால் அவர் கணக்கில் வல்லவர் அல்லர். நீடித்திருப்பது பொருள் அன்று. அதைப் பழுது பார்க்கும் கைகளும், உதிரி உறுப்புகள் கிடைக்கும் வழியும்தான்.

ஊசியின் கதை இன்னும் தெளிவானது. வைரமுனை என்று பெயர்தான். சில நூறு மணி நேர ஓட்டத்தில் தேய்மானம் தொடங்கி, ஆயிரத்தை நெருங்கும்போது மாற்றியாக வேண்டிய நிலை வருகிறது. ஓட்டாமல் வைத்திருந்தாலும் அதைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போகிறது. கருவியை இயக்கும் பெல்ட்டும் அப்படியே. காட்ரிட்ஜ் உலகில் பல தலைமுறை நம்பியிருந்த ஷூர் நிறுவனம் 2018இல் அத்தொழிலை விட்டே விலகியது. டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 வரிசை 1972இல் தொடங்கி, 2010இல் நிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் வந்தது. ஒரு மனிதரின் இசைகேட்கும் ஆயுள் நாற்பது ஆண்டு என்று கொண்டால், அதற்குள் நிறுவனங்கள் எத்தனை முறை மனம் மாறும் என்பதற்கு யார் உறுதி கூற முடியும்?

இனி உச்சம். 2023இல் எல்பி12இன் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு 250 மட்டும் செய்யப்பட்டு, ஒவ்வொன்றும் 50,000 பவுண்டுக்கு விலை வைக்கப்பட்டது. நம் கணக்கில் அரைக்கோடி ரூபாய். அந்த விலைக்குச் செவி எந்த அளவுக்கு நியாயம் சொல்கிறது? இதற்கு விடை அந்த முந்திய ஆண்டே கிடைத்துவிட்டது. 2022 ஜூலையில், அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிடி நிறுவனம், முழுக்க அனலாக் முறையில் வந்தவை என்று ரசிகர்கள் நம்பிப் பெருவிலை கொடுத்து வாங்கிய தட்டுகள் பலவற்றில் இடையே டிஜிட்டல் பதிவைப் பயன்படுத்தி வந்தது தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் அத்தட்டுகளை உச்சக் கருவிகளில் சுழற்றி, ‘டிஜிட்டலால் ஒருபோதும் தர முடியாத உயிர்ப்பு’ என்று உருகியவர்களின் காதுகளுக்கு அது தட்டுப்படவே இல்லை. நாங்கள் ஏளனம் செய்யவில்லை. எங்கள் காதுகளுக்கும் தட்டுப்பட்டிருக்காது. ஆனால் விலைப்பட்டியல் சொல்வதைச் செவி சொன்னதாக எழுதும் வழக்கம் அன்றோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

நம் இசைக்கென்று ஓர் உரைகல் உண்டு. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. அது தம்புரா. ஒரே சுருதியில் இடைவிடாது ஒலிக்கும் அந்த நாதத்தில் கருவியின் வேகத் தடுமாற்றம் கண்ணாடியில் விழுந்த கீறல்போலத் தெரிந்துவிடும். டிரம்ஸ் மறைக்கக்கூடிய குற்றத்தைத் தம்புரா மறைக்காது. வேகம் ஆறு விழுக்காடு பிசகினால் ஏறத்தாழ அரைச் சுரம் இடம்பெயர்ந்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணையே நம்பிச் சுழலும் எளிய மோட்டார், 50 ஹெர்ட்ஸ் 49ஆக இறங்கினால் இரண்டு விழுக்காடு மெதுவாகும். அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருதி தாழ்ந்துவிடும். 1990களில் நம் தென்மாநில மின்தொகுப்பில் இத்தகைய இறக்கங்கள் நேர்ந்ததுண்டு. வேடிக்கை என்னவென்றால், வேகத்தைச் சோதிக்கும் விளக்கும் அதே மின்சாரத்தில் எரிந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். 2013 டிசம்பர் 31இல் தென்மாநிலத் தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்த பின் நிலைமை பெரிதும் சீர்பட்டது என்றாலும், பாடம் மறக்கத்தக்கதன்று. மின்சாரத்தைச் சாராமல் குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைப் பூட்டும் முறை 1979இல் வந்த எஸ்எல்-1200 எம்கே2இலேயே இருந்தது. நடனக் கூடங்களில் அடிவாங்கிய கருவி என்று அதை இகழும் நம் அன்பர்கள், சுருதி சுத்தத்தில் அது எவ்வளவு கண்டிப்பானது என்பதை ஒரு மாலை தம்புராவோடு உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

துளை நடுவிலிருந்து விலகிய தட்டாக இருந்தாலோ, எவ்வளவு உயர்ந்த கருவியும் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 நொடிக்கு ஒருமுறை, சுருதியை ஏற்றி இறக்கிக்கொண்டேதான் இருக்கும். தட்டின் பிழையைப் பணம் திருத்தாது.

இப்போது எங்கள் சொந்த அனுபவம் ஒன்று. இந்தக் கட்டுரைக்கு உண்மையான காரணமும் அதுவே.

எங்களுக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஒருவரிடம் இரண்டு டிரங்குப் பெட்டிகள் நிறையத் தட்டுகள் இருந்தன. அவரது எண்பதாம் அகவையை ஒட்டி மாணவர்கள் பணம் திரட்டி, நகரத்துக் கடை ஒன்றில் ‘இனி வேறு வாங்கவே வேண்டியதில்லை’ என்ற உறுதிமொழியோடு உயர்ரக டர்ன்டேபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பளபளப்பான பெட்டி, கைபட்டால் வழுக்கும் மரம். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த முதல் தட்டு எஸ்.ஜி. கிட்டப்பாவினுடையது. 1933இல் மறைந்தவர் கிட்டப்பா. நீளிசைத் தட்டு அமெரிக்காவில் அறிமுகமானதோ 1948இல். அவர் குரல் பதிவானது 78 சுற்றுத் தட்டுகளில்தான். எங்கள் ஆயுட்காலக் கருவிக்கு 33, 45 என்று இரண்டே வேகம். கடைக்காரர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமலேயே சிம்மாசனம் வாங்கியிருந்தோம்.

“பரவாயில்லப்பா, எம்.எஸ். எல்பி இருக்கு, அதைப் போடுங்க” என்றார் ஐயா. போட்டோம். நன்றாகவே ஒலித்தது. 78 சுழலும் பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து, அகன்ற ஊசி வரவழைத்து, செப்பனிட்டு எடுத்துச்செல்ல ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் ஐயாவின் செவிப்புலன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. தட்டு சுழல்வதைப் பார்த்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். தாளம் பாட்டோடு சேரவில்லை. எங்களில் யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொண்டதில்லை.

ஆகவே சொல்கிறோம்: கேள்வியைத் தலைகீழாக மாற்றுங்கள். எந்தக் கருவி உயர்ந்தது என்பதை விடுத்து, எந்தத் தட்டுகளுக்காக என்று முதலில் கேளுங்கள். 1960களிலும் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத்தை அத்தட்டிலேயே கேட்க விரும்புபவர் மூன்று வேகமும் உள்ள கருவியைத்தான் தேட வேண்டும். 1950களின் காரார்டு 301இலும் தோரன்ஸ் டிடி 124இலும் அது உண்டு. இன்றைய டெக்னிக்ஸ் சிலவற்றிலும் உண்டு. எல்பி ஊசியின் முனை 25 மைக்ரான் அளவிலோ அதனினும் குறைந்தோ இருக்கும். 78க்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். மெல்லிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். எனவே ஊசித்தலையை எளிதில் கழற்றி மாற்றும் வசதி வேண்டும். வேகத்தைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வழி வேண்டும். ஏனெனில் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. ஒருநாள் பயணத் தொலைவில் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பது மோட்டாரின் எடையைவிட முக்கியமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையிருப்பில் பாதியாவது தட்டுகளுக்கும், அவற்றைக் கழுவிக் காப்பதற்கும் மிஞ்ச வேண்டும்.

‘பணம் உள்ளவர் வாங்கிவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கென்ன?’ என்று கேட்கலாம். தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதை ரசனையின் இலக்கணமாக்கி, எளிய கருவியில் கேட்பவனை அரைகுறை என்று சொல்லும்போதுதான் எங்களுக்கு வாய் திறக்க வேண்டியிருக்கிறது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு முன் ஊர் ஊராகத் தேடியது ஏடுகளைத்தான். ஏடு வைக்கும் சந்தனப் பேழையை அன்று. நூற்றாண்டுக்கணக்கில் அந்த ஏடுகள் வாழ்ந்தது ஒரே ஓலை அழியாமல் நின்றதால் அன்று. செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து மறுபடியும் எழுதியதால்.

தேநீர்க் கடை நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரண்மேல் இருக்கும் தட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கித் துடைத்துப் பட்டியல் போடுங்கள். எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். வீட்டில் மூத்தவர்கள் யாரேனும் இருந்தால், அவர்கள் முதலில் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.