போக்ஸ் கம்பியும் ஒரு வெளிநாட்டுப் பயணமும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே மூட்டை கட்டி வெச்சிருக்கோம்" என்று பேரவைச் செயலாளர் சொன்னதால் கட்டுரை எழுதுகிறேன். தப்பித்தீர்கள்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பாவின் தொழில் சொல்ல வேண்டியிருந்தது. என் முறை வந்ததும் ஊர் காட்டேரிக்குப்பம் என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். ஊர் பெயரில் காட்டேரி இருந்தால் நான் என்ன செய்வது? அந்தச் சிரிப்பில் தடுமாறி, அப்பா 'பிசினஸ்' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சைக்கிள் கடை. கடை என்றால் போர்டு வைத்த கடை இல்லை. ஒரு வேப்பமரம், கீற்றுப் பந்தல், மரப்பெட்டி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான். அப்பா மூன்றாவது வரைக்கும் படித்தவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான்.

போன மாசி மாதம் ஒரு மதியம், அந்த வேப்பமரத்தடிக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கணவன் மனைவி. பெல்ஜியம் நாடு. மும்பை வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறார்களாம். செஞ்சிக் கோட்டை பார்த்து, திருவக்கரையில் கல்மரம் பார்த்து, புதுச்சேரிக்குப் போகும் வழியில் அந்த அம்மாவின் பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள், இங்கிலீஷ் பேச. நான்தான் டிப்ளமோ ஆயிற்றே! டென்சைல் ஸ்ட்ரெங்த், ஃபெட்டீக் ஃபெயிலியர் எல்லாம் பத்து மார்க்குக்கு எழுதியவன். அப்பா சொன்னார்: "ஒரு கம்பி போனா பாரம் பக்கத்துக் கம்பி மேல ஏறிடும், அதுவும் சீக்கிரம் போயிடும், இப்படியே ஓட்டாதீங்கன்னு சொல்லு." அந்த ஒரு வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு அப்பாவே கையால் காட்டினார். ஒரு விரலை மடக்கி, பக்கத்து விரலைத் தொட்டு அதையும் மடக்கினார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அன்றுதான் ஃபெட்டீக் புரிந்தது.

அறுந்த கம்பி பல்சக்கரம் இருக்கும் பக்கம். அதை மாற்ற ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். அவர்கள் சைக்கிளுக்கு அதற்கென்று தனிக் கருவி வேண்டும், அப்பாவிடம் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்ம ஊர்ப் பெரிய சைக்கிளின் நீளக் கம்பி ஒன்றை எடுத்து, தலைப்பக்கத்தை வெட்டி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, ஹப்பின் ஓட்டையில் மாட்டி நிப்பிளை முறுக்கினார். ஃப்ரீவீலைத் தொடவே இல்லை! சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சாக்பீஸை ஒட்டிப் பிடித்து, பட்ட இடத்தில் முறுக்கி முறுக்கி, அரை மணி நேரத்தில் பெண்டு எடுத்துவிட்டார். அந்தக் கணவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் அம்மா திண்ணையில் பாய் போட்டு, சொம்பில் கேழ்வரகுக் கூழ், வெங்காயம், மோர்மிளகாய் கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன்னால் உள்ளே ஓடிப் புடவை மாற்றிக்கொண்டது தனிக்கதை. எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. போய்க் கூல்டிரிங்ஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "வெய்யில்ல வந்திருக்காங்கடா, வயிறு குளிர ஊத்துறத வுட்டுட்டு!" என்று அம்மா அதட்டினார். இரண்டு பேரும் இரண்டு சொம்பு குடித்தார்கள்.

ஐநூறு ரூபாய் நீட்டினார்கள். அப்பா கம்பிக்கும் கூலிக்கும் சேர்த்து நாற்பது எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஊரில் யாரிடமும் வாங்குகிற அதே கூலி. வெள்ளைக்காரன் என்று கூட்டவும் இல்லை, விருந்தாளி என்று விடவும் இல்லை. நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சும்மா செய்திருந்தால் அது தர்மம், நானூறு வாங்கியிருந்தால் அது ஏமாற்று. நாற்பது வாங்கியதால்தான் அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி ஆனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

"எல்லை எங்கே இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டபோதுதான் எல்லோருக்கும் சிரிப்பு. எங்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் எல்லையைக் கோடு போட்டுக் காட்ட முடியாது. டவுனுக்குப் போகிற வழியில் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். சாராயக்கடை கண்ணில் பட்டால் புதுச்சேரி, அவ்வளவுதான் அடையாளம். ஆனால் 1954 நவம்பர் 1 வரை இது நிஜமான அயல்நாட்டு எல்லை. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் முதலில் இங்கிலீஷ்காரன், பிறகு சுதந்திர இந்தியா. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்ததே, பிரிட்டிஷ் போலீஸ் இங்கே கைது செய்ய முடியாது என்பதால்தான். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள். அதற்கு முன்னால் எங்கள் அப்பாவின் தாத்தா தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தாராம். நாலு மைல் மிதித்து வெளிநாடு போய் வந்திருக்கிறார் மனுஷன்! அங்கே பேசியதும் தமிழ், குடித்ததும் இதே கூழ்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். வெளிநாடு போய் அந்த ஊர்ப் பண்பாட்டை அனுபவிப்பது என்றால் பணக்காரன் சமாச்சாரம் என்று நாம் நினைக்கிறோம். இல்லை என்கிறேன் நான். காசோடு போகிறவனுக்கு அந்த ஊர்க்காரர்கள் காட்ட நினைப்பதைக் காட்டுவார்கள். நம் புதுச்சேரியில் மஞ்சள் சுவரையும் கடற்கரையையும் காட்டுகிற மாதிரி. கையில் ஒரு தொழிலோடு போகிறவனைத்தான் திண்ணையில் உட்கார வைப்பார்கள்.

ஆதாரம் இருக்கிறது. ஒடிசாவின் பிரத்யும்ன குமார் மஹாநந்தியா தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த தலித் குடும்பத்துப் பிள்ளை, ஓவியர். டெல்லியில் 1975இல் சந்தித்த ஸ்வீடன் நாட்டுப் பெண்ணைத் தேடி, 1977 ஜனவரியில் பழைய சைக்கிளில் புறப்பட்டார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று மிதித்து, மே மாதம் ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். வழியில் அவரிடம் இருந்தது பென்சில்தான். வீட்டுக்காரர்களின் முகத்தை வரைந்து கொடுப்பார், அவர்கள் சோறும் படுக்க இடமும் கொடுப்பார்கள். ஒருவன் முகத்தை அரை மணி நேரம் உற்றுப் பார்த்து வரைகிறவனுக்குத் தெரியாத பண்பாடா டூரிஸ்ட் பஸ்ஸுக்குத் தெரியப் போகிறது?

அவருக்கும் முன்னால் 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் கிளம்பினார்கள். அதி ஹகீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா மூவரும் சுமார் 71,000 கிலோமீட்டர் மிதித்து, 1928 மார்ச்சில் உலகத்தைச் சுற்றி ஊர் திரும்பினார்கள். கியர் கிடையாது, பாலைவனத்தில் பாதை கிடையாது. கல்கத்தாவின் பிமல் முகர்ஜி 1926இல் கிளம்பி 1937இல்தான் திரும்பினார். வழியெல்லாம் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்துக்கொண்டே போனவர்.

நம்மிடம் என்ன தொழில் இருக்கிறது என்று கேட்பீர்கள். மெக்கானிக்கல்காரன் வெல்டிங் வைப்பான். எலக்ட்ரிக்கல்காரன் மோட்டார் காயில் கட்டுவான். சிவில்காரன் மட்டம் பார்ப்பான். இது எந்த நாட்டுக் கிராமத்தில் தேவைப்படாது? நமக்கு இங்கிலீஷ் வராது என்பது உண்மை. அதற்காக வருத்தப்பட வேண்டும், இரவில் உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். ஆனால் அது வரும்வரை வீட்டிலேயே கிடக்க வேண்டாம். விரலை மடக்கிக் காட்டினால் புரிகிறது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கிளம்பும்போது அந்தப் பெண் தன் சைக்கிளை அம்மாவிடம் நீட்டி, ஓட்டிப் பாருங்கள் என்று சைகை காட்டினார். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. இருபது வருஷம் சைக்கிள் கடைக்காரர் பெண்டாட்டி! புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகிய கதையை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டு வாசலுக்கு அது இன்னும் வரவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெல்ஜியத்திலிருந்து ஒருத்தர் வந்து கேட்கவேண்டியிருந்தது. இப்போது சாயங்காலத்தில் தங்கச்சி பின்னால் பிடித்துக்கொள்ள, அம்மா பழகுகிறார். இரண்டு முறை விழுந்தாயிற்று.

எனக்குப் பதினெட்டு முடிந்து வாக்காளர் அட்டை வந்துவிட்டது. நேபாளத்துக்குள் போக இந்தியனுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த அட்டை போதும். இறுதியாண்டு முடிந்ததும் போவதாக இருக்கிறேன், சைக்கிளில்தான். அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். பேரவைக்கு என் கோரிக்கை இதுதான்: இந்த வருஷம் டூர் என்று கொடைக்கானலுக்குப் பஸ் பேசாமல், சைக்கிளில் திருவக்கரை, மயிலம், செஞ்சி போய் வருவோம். செஞ்சி 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கோட்டை. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்த பெல்ஜியம் தம்பதி கேட்கும்வரை, பக்கத்திலிருக்கிற கல்மரத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இந்த மலர் என் வீட்டுக்கும் போகும். தங்கச்சி அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். முதல் நாள் வகுப்பில் நான் சொன்ன 'பிசினஸ்' கதை அவருக்கு அப்போதுதான் தெரியப்போகிறது.

வர விரும்புகிறவர்கள் பேரவை அறையில் பெயர் கொடுத்துவிட்டு, முந்தின ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு காட்டேரிக்குப்பம் வாருங்கள். வேப்பமரத்தடி, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா எல்லாச் சக்கரத்துக்கும் பெண்டு எடுத்துத் தருவார். கூலி உண்டு. மகனின் சிநேகிதன் என்று அவர் குறைக்கமாட்டார், கேட்டுப் பார்க்காதீர்கள்.