நன்மதிப்பு விற்பனைக்கு இல்லை

கையில் பணமும் கச்சிதமான திட்டமும் இருந்தால் ஒரு நாடு உலகத்தின் நன்மதிப்பைச் சம்பாதித்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அதற்குச் சான்றாகச் சீனாவைக் காட்டுகிறார்கள். ஆனால், அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவதே சீனாவின் அனுபவம்தான்.

பண்பாட்டை, பிறரை ஈர்க்கும் ‘மென்சக்தி’யாக வளர்க்க வேண்டும் என்று 2007 கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் அறிவித்தார் அப்போதைய சீன அதிபர் ஹூ சிந்தாவ். பெய்ஜிங் ஒலிம்பிக், ஷாங்காய் உலகக் கண்காட்சி, பல மொழிகளில் தொலைக்காட்சி, சீன மொழி கற்பிக்கும் நூற்றுக்கணக்கான கன்பூசியஸ் நிறுவனங்கள் என்று பணம் தண்ணீராய்ச் செலவானது. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் என்று 2015இல் மதிப்பிட்டார் அமெரிக்க அறிஞர் டேவிட் ஷாம்பா.

பலன் என்ன? ஸ்வீடனைப் பாருங்கள். ஐரோப்பாவின் முதல் கன்பூசியஸ் நிறுவனம் 2005இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. ஆனால், ஸ்வீடன் குடிமகனான பதிப்பாளர் குய் மின்ஹாய் 2015இல் தாய்லாந்தில் காணாமல் போனார். அடுத்த சில மாதங்களில் சீனத் தொலைக்காட்சியில் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். 2020இல் சீனா அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதே ஆண்டு பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ஸ்வீடன் மக்களில் 85 சதவீதம் பேர் சீனாவைப் பற்றி நல்லெண்ணம் இல்லை என்றார்கள். பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால், ஒரு பதிப்பாளருக்கு நேர்ந்ததை மறக்கவைக்கும் ஆற்றல் எந்த மொழி வகுப்புக்கும் இல்லை.

2011 ஜனவரியில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், யாவ் மிங் முதலான புகழ்பெற்ற சீனர்களைக் காட்டும் விளம்பரப் படத்தைச் சீன அரசு ஓடவிட்டது. மூன்றே மாதத்தில், ‘பறவைக்கூடு’ ஒலிம்பிக் அரங்கின் வடிவமைப்பில் பங்காற்றிய கலைஞர் ஐ வெய்வெய்யைப் பிடித்து 81 நாள் அடைத்துவைத்தது. விளம்பரத்தைவிட அந்தக் கைதுதான் உலகத்திடம் உரக்கப் பேசியது.

ஆப்பிரிக்காவில் சீனாவுக்கு நல்ல பெயர் இருக்கிறதே என்பார்கள். பல நாடுகளில் இருக்கிறது. அதை ஈட்டித்தந்தவை சாலைகள், ரயில் பாதைகள், எளியவருக்கும் எட்டும் விலையில் கைபேசிகள். அங்கும் செயலுக்குத்தான் மதிப்பு கிடைத்திருக்கிறது, பிரசாரத்துக்கு அல்ல.

சீனாவின் பண்பாடு மாபெரும் செல்வம். அதை உலகுக்குக் கொண்டுசெல்லக்கூடிய கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அரசே அடக்கிவைக்கும்போது, அலுவலகங்கள் தயாரிக்கும் புகழுரையை யார் நம்புவார்கள்? சீனாவைப் பின்பற்றி விளம்பரத்துக்குக் கோடிகளை ஒதுக்க நினைக்கும் நாடுகள், இந்தியா உட்பட, முதலில் சொந்த நாட்டின் விமர்சகர்களை அச்சமின்றிப் பேச விடட்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை. துணிவு மட்டும் வேண்டும்.