பெட்டி வீட்டுக்கு வந்த பிறகே அனலொக்கை நிறுத்துங்கள்: இலவச டிஜிட்டல் தொலைக்காட்சி குறித்து எங்கள் நிலைப்பாடு

கண்டி நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வாழும் தமிழ் பேசும் பாவனையாளர்களின் அமைப்பு என்ற வகையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். தரைவழித் தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. படம் தெளிவாக வரும், ஒரே அலைவரிசையில் பல சேவைகள் வரும், மாதக் கட்டணமும் இல்லை. வரவேற்கிறோம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ரிசீவர் பெட்டி வசதியில்லாத குடும்பங்களுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு நியாய விலையிலும் கிடைத்த பிறகே, மலை மறைக்கும் ஊர்களிலும் சிக்னல் எடுக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே, அனலொக் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

இலங்கை 2014ஆம் ஆண்டில் ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறையைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன் ஐரோப்பிய டிவிபி-டி2 முறைதான் பேச்சில் இருந்தது. கொழும்பில் ஒளிபரப்புக்குமாகக் கட்டிய தாமரைக் கோபுரம் 2019 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. டிஜிட்டல் திட்டமோ நகரவில்லை. பொருளாதார நெருக்கடியில் ஜப்பானியக் கடன் திட்டங்கள் நின்றுபோயின. கடன் மறுசீரமைப்புக்குப் பிறகு 2024இல் அவற்றை மீண்டும் தொடங்க ஜப்பான் முன்வந்தபோது, தொலைக்காட்சி டிஜிட்டல்மயமாக்கலும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆகவே பெட்டியைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இதுதான். கோபுரங்களுக்கும் டிரான்ஸ்மிட்டர்களுக்கும் திட்ட மதிப்பீடு போடுகிறவர்கள், வீட்டுக்குள் இருக்க வேண்டிய கருவியைச் சனங்களின் சொந்தப் பொறுப்பு என்று விட்டுவிடுவார்களோ என்பதே எங்கள் கவலை.

ஒரு வீட்டுக்கு உண்மையில் என்ன வேண்டும்? கூரைக்கு மேலே ஒரு யுஎச்எஃப் அன்டெனா, அங்கிருந்து டிவி வரை 75 ஓம் கோஎக்சியல் வயர், ஐஎஸ்டிபி-டி சிக்னலை எடுக்கும் டியூனர். அந்த டியூனர் டிவிக்குள்ளேயே இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் தனிப் பெட்டி ஒன்று வேண்டும். புதிய டிவி என்றால் பெட்டியை எச்டிஎம்ஐ வயரில் பொருத்தலாம். பழைய பெரிய டிவி என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மூன்றும் போதும். டிவியை மாற்றத் தேவையில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். "டிஜிட்டல் வந்தால் இந்த டிவி குப்பைதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்டெனா விஷயத்திலும் அப்படித்தான். "டிஜிட்டல் அன்டெனா" என்று பளபளக்கும் அட்டையில் விற்கிறார்கள். அன்டெனாவில் டிஜிட்டல், அனலொக் என்ற வேறுபாடு கிடையாது. அது எந்த அலைவரிசைக்குச் செய்யப்பட்டது என்பதுதான் கணக்கு. இப்போது கூரையில் நல்ல நிலையில் ஒரு யுஎச்எஃப் அன்டெனா இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். பழுதாவது அதிகம் வயரும் மூட்டும்தான். நமது ஊர் மழையில் அன்டெனாவின் இணைப்பு வழியே நீர் இறங்கி வயருக்குள் போய்விடும். அனலொக்கில் அது படத்தில் புள்ளியாகத் தெரியும், டிஜிட்டலில் படமே நின்றுவிடும். பூஸ்டர் போடுகிறவர்கள் டிவிக்குப் பின்னால் போடாமல் அன்டெனாவுக்குப் பக்கத்தில் போட வேண்டும். வயரில் தேய்ந்து இறங்கிய சிக்னலைக் கீழே வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே அன்டெனா வயரைக் கழற்றி வைப்பது பெட்டிக்கும் உயிருக்கும் நல்லது.

பெட்டியில்தான் ஏமாறும் இடம் இருக்கிறது. மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்புகிறவர்கள் அங்கிருந்து கொண்டுவரும் பெட்டிகளும், டிவிக்குள் உள்ள டியூனர்களும் பெரும்பாலும் டிவிபி வகை. டிஷ்ஷுக்கு வாங்கிய பெட்டி செய்மதிச் சிக்னலுக்கானது. இவை எதுவும் ஐஎஸ்டிபி-டி சிக்னலைப் படிக்காது. ஜப்பான் முறை என்பதால் ஜப்பானில் பாவித்த டிவி சரிவரும் என்று நினைப்பதும் தவறு: அங்கே ஓர் அலைவரிசையின் அகலம் 6 மெகா ஹேர்ட்ஸ், இங்கே யுஎச்எஃப்பில் 8 மெகா ஹேர்ட்ஸ். படத்தைச் சுருக்கும் முறையிலும் அவர்கள் பழைய எம்பெக்-2வையே பாவிக்கிறார்கள், அட்டை போட்டுத் திறக்கும் பூட்டும் உண்டு. கடையில் டிவிப் பெட்டியின் மேல் "டிஜிட்டல் டியூனர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த டியூனர் என்று யாருக்கும் தெரிவதில்லை. இலங்கைக்கான தரக்குறிப்பை இப்போதே வெளியிட்டு, அதற்குப் பொருந்தும் டிவிகளிலும் பெட்டிகளிலும் ஒரே அடையாளச் சின்னத்தை மூன்று மொழியிலும் ஒட்டச் செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைக் கேட்கிறோம். சின்னமில்லாததை "டிஜிட்டலுக்குத் தயார்" என்று விற்பதைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை தடுக்க வேண்டும். ஒரு டிவி பத்து வருடத்துக்கு மேல் வீட்டில் இருக்கும். இன்று தவறான டியூனரோடு விற்கப்படும் ஒவ்வொரு டிவிக்கும் நாளை தனிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டிவரும்.

இனி மலை. கண்டி நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பதுபோல் இருக்கிறது: தெற்கே ஹந்தானை, வடக்கே உடவத்தக்கலை, சுற்றி வளைந்தோடும் மகாவலி. ஹந்தானைக் கோபுரங்கள் நேரே தெரியும் வீடுகளுக்குக் குறையில்லை. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துச் சரிவுகளிலும், பன்விலை, ரங்கலைத் தோட்டங்களிலும் நிலைமை வேறு. அங்கே லயத்துக் கூரையில் மூங்கிலில் கட்டிய அன்டெனாவை ஒருவர் ஏறித் திருப்ப, உள்ளேயிருந்து ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வந்துருச்சு, ஆட்டாத, அப்படியே கட்டு" என்று கத்துவார். இப்படித்தான் நமது சனங்கள் சிக்னல் பிடித்தார்கள். படம் நிழலாடும், புள்ளியாய்க் கொட்டும். ஆனாலும் செய்தி கேட்கும். டிஜிட்டலில் இந்த அரைகுறை நிலை கிடையாது. படத்தை நிழலாட வைக்கும் எதிரொலிச் சிக்னலை அது நன்றாகவே தாங்கும், அது மலைநாட்டுக்கு வரம்தான். ஆனால் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் படமும் குரலும் ஒன்றாக அறுந்துவிடும். இன்று மங்கலாகவாவது பார்க்கும் வீடு நாளை எதையும் பார்க்க முடியாமல் போகலாம்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. ஒரே அலைவரிசையிலேயே சிறு நிரப்பு நிலையங்களைப் பள்ளத்தாக்குகளில் வைக்க இந்த முறை இடம் தருகிறது. வைப்பார்களா என்பதே கேள்வி. சனத்தொகை விகிதத்தைப் பார்த்து "நாட்டில் இத்தனை வீதத்துக்குச் சிக்னல் போய்ச் சேர்ந்தது" என்று அறிவித்துவிடுவது சுலபம். விடுபடும் அந்தச் சில வீதம் எப்போதும் தோட்டமும் மலைக்கிராமமுமாகவே இருக்கும். கண்டி மாவட்டத்தில் ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் வீட்டுக் கூரை உயரத்தில் சிக்னலை அளந்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

இதை நாங்கள் நாடகத் தொடர்களுக்காகக் கேட்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவு, போதிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. ஐஎஸ்டிபி-டி முறையில் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்ற வசதி சேர்ந்தே வருகிறது. அதை ஏற்கும் ரிசீவர் தயார்நிலையில் அணைந்திருந்தாலும், எச்சரிக்கைச் சிக்னல் வந்ததும் தானாக விழித்துக்கொள்ளும். இந்த முறையைத் தேர்ந்ததில் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுதான் என்று கருதுகிறோம். ஆனால் விலையைக் குறைப்பதற்காக இந்த வசதி இல்லாத பெட்டிகளை இறக்கினால் பயன் போய்விடும். பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஓடும் எச்சரிக்கை வெறும் கட்டங்களாகத் தெரியும். எச்சரிக்கை வசதியும், தமிழ் எழுத்தும், தமிழில் மெனுவும் கட்டாயத் தரக்குறிப்பில் இருக்க வேண்டும். இவற்றை விருப்பத்துக்குரிய அம்சங்கள் என்று ஒதுக்கினால் நாங்கள் ஏற்கமாட்டோம். மண்சரிவு இரவுகளில் மின்சாரமும் போய்விடும் என்பதால், சைரனும் ஒலிபெருக்கியும் இதனோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

செலவு யார் தலையில்? பணக்கார நாடுகளே இதைக் குடும்பங்களின் தலையில் முழுதாகப் போடவில்லை. அமெரிக்கா 2009 மாற்றத்துக்கு முன் ஒரு வீட்டுக்கு இரண்டு வரை 40 டொலர் கூப்பன் கொடுத்தது. பிரித்தானியா முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பொருத்திக் கொடுத்தது. ஜப்பான் வறிய குடும்பங்களுக்கு டியூனரை இலவசமாக வழங்கியது. 2011 ஜூலை 24இல் நாடெங்கும் அனலொக்கை அணைத்தபோதும், அந்த ஆண்டு நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய மூன்று மாகாணங்களுக்கு 2012 மார்ச் இறுதி வரை அவகாசம் கொடுத்தது. நமக்குக் கடன் தரும் நாட்டின் அனுபவமே இது. டித்வா தாக்கிய மாவட்டங்களுக்கு அதே அவகாசத்தைக் கேட்பது நியாயம்தான்.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயிக்கவே 2024 வரை போராட வேண்டியிருந்தது. இப்படிப் போராடிப் பெறும் வருமானத்தில் வாழும் குடும்பத்திடம் பெட்டி, வயர், பூஸ்டர், பொருத்துகூலி என்று கேட்டுவிட்டு அதை இலவசத் தொலைக்காட்சி என்று சொல்ல முடியாது. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களுக்கும் லயங்களில் வாழும் குடும்பங்களுக்கும் பெட்டியும் பொருத்துகூலியும் அரசாங்கச் செலவில் வர வேண்டும். மற்றவர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட பெட்டிகளுக்கு 18 வீத வற் வரியையும் இறக்குமதி வரியையும் நீக்க வேண்டும். பொருத்தும் வேலைக்குத் தோட்டத்து இளைஞர்களையே பயிற்றுவித்து எடுக்கலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தரக்குறிப்பும் சின்னமும் அறிவிக்கப்படும் வரை டிஜிட்டல் பெட்டி எதையும் வாங்காதீர்கள். டிவி வாங்கியே ஆக வேண்டியிருந்தால் அதில் ஐஎஸ்டிபி-டி டியூனர் இருக்கிறதா என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கூரையில் இருக்கும் அன்டெனாவைக் கழற்றி எறியாதீர்கள். உங்கள் ஊரில் இன்று எந்தச் சேவை எடுக்கிறது, எது எடுக்கவில்லை என்று எழுதிக் கிராம சேவகரிடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் கொடுத்து வையுங்கள்.